பூ மேலே, காய் கீழே: நிலக்கடலைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நிலக்கடலையைப் பற்றி ஒன்றை மட்டும் முதலில் மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும். இந்தச் செடி மண்ணுக்கு மேலே பூக்கிறது, மண்ணுக்குள்ளே காய்க்கிறது. எந்த மண்ணில் விதைப்பது, எந்த நாளுக்குப் பிறகு மண்வெட்டியைக் கீழே வைப்பது, ஜிப்சத்தை (சுண்ணாம்புச் சத்து தரும் கனிமத் தூள்) ஏன் வேரடிக்குப் போடாமல் காய் பிடிக்கும் இடத்தில் தூவுவது, பிடுங்கியவுடன் ஏன் அவ்வளவு அவசரமாகக் காயப்போடுவது என்று எந்தக் கேள்வியை எடுத்தாலும் பதில் அந்தப் பழக்கத்தில் போய் நிற்கும்.

வயல் வைத்திருப்பவர், தொட்டியில் நாலு செடி வளர்க்க நினைப்பவர், வாங்கி வறுத்துச் சாப்பிடுபவர் என மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். சாப்பிட மட்டும் செய்பவர்கள்கூட காயவைக்கும் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம். அது உடம்பு சம்பந்தப்பட்டது.

செடி எங்கிருந்து வந்தது

கடலையை முந்திரி, பாதாமோடு சேர்த்து கொட்டை வகை என்று பேசுகிறோம். செடியைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். உளுந்து, பயறு, துவரை எல்லாம் எந்தக் குடும்பமோ அதே குடும்பம்தான் இதுவும். காயை உடைத்தால் இரண்டாகப் பிளக்கும் ஓடு, உள்ளே வரிசையாகப் பருப்பு. அதாவது மண்ணுக்குள் விளைந்த ஒரு பயற்றங்காய்.

தாயகம் தென் அமெரிக்கா. தெற்கு பொலிவியாவும் வடமேற்கு அர்ஜென்டினாவும் அடங்கிய பகுதியில் அராக்கிஸ் துரனென்சிஸ், அராக்கிஸ் இப்பாயென்சிஸ் என்ற இரண்டு காட்டுச் செடிகள் கலந்து, குரோமோசோம்கள் இரட்டித்து, 40 குரோமோசோம் கொண்ட இன்றைய கடலை பிறந்தது. இதில் இப்பாயென்சிஸ் பொலிவியாவில் ஒரே ஒரு இடத்தில்தான் கண்டெடுக்கப்பட்டது. மண்ணுக்குள் காய்க்கும் செடி தன் விதையைத் தூரமாக அனுப்ப முடியாது. காற்று தூக்காது, பறவை கொத்தாது. அதனால், தள்ளித் தள்ளி வாழ்ந்த இந்த இரண்டையும் ஒன்றாகக் கொண்டுவந்து சேர்த்தது அந்தக் காலத்து மனிதர்கள்தான் என்று மரபணு ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். குரோமோசோம் இரட்டித்ததால் புதுச் செடி தன் காட்டு உறவுகளோடு எளிதில் கலக்க முடியாமல் போயிற்று. பயிர்க் கடலையில் நோய் எதிர்ப்புக் குணங்கள் குறைவாக இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

தென் அமெரிக்காவின் பழங்கால மக்கள் கடலையை எவ்வளவு உயரத்தில் வைத்திருந்தார்கள் என்பதற்கு ஒரு சான்று இருக்கிறது. 1987-ல் வடக்குப் பெருவில் சிப்பான் என்ற இடத்தில் தொல்லியலாளர் வால்ட்டர் ஆல்வா மோச்சே என்ற பழங்கால மக்களின் ஆட்சியாளர் ஒருவரின் கல்லறையைத் திறந்தபோது, கழுத்தணி ஒன்று கிடைத்தது. அதில் கோத்திருந்தவை தங்கத்திலும் வெள்ளியிலும் செய்த கடலைக் காய்கள். நிஜக் காயைவிடப் பெரியவை. ஓட்டின் இடுப்பும் வரிகளும்கூட உண்டு. அரசன் கழுத்தில் போட்டுக்கொண்டு போகும் அளவுக்கு மதிப்பு!

பிறகு போர்ச்சுகீசியர்கள் பிரேசிலிலிருந்து ஆப்பிரிக்காவுக்கும், ஸ்பானியர்கள் பசிபிக் கடல் தாண்டி பிலிப்பைன்ஸுக்கும் கொண்டுபோனார்கள். ஆப்பிரிக்காவில் பம்பாரா கடலை என்று மண்ணுக்குள் காய்க்கும் இன்னொரு பயறு ஏற்கெனவே இருந்ததால், புதிதாக வந்ததை எப்படி வளர்ப்பது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இன்று உலகிலேயே அதிகம் விளைவிப்பது சீனா, அடுத்தது இந்தியா.

பெயரில் ஒரு கவனம்

மக்கள் இந்தச் செடிக்குப் பெயர் வைக்கும்போது இரண்டைத்தான் பார்த்திருக்கிறார்கள்: எங்கே விளைகிறது, எங்கிருந்து வந்தது. 1753-ல் தாவரவியலாளர் லின்னேயஸ் கொடுத்த அறிவியல் பெயர் அராக்கிஸ் ஹைப்போஜியா. பின்பாதிக்கு மண்ணுக்கு அடியில் என்று பொருள். சீனத்தில் பூ விழுந்து பிறந்தது என்று அர்த்தம் வரும்படி அழைத்தார்கள். எனக்குத் தெரிந்த பெயர்களில் செடியை மிக நுட்பமாகக் கவனித்த பெயர் அதுதான். தமிழில் நிலக்கடலை, வேர்க்கடலை இரண்டும் முதல் வகை. (காய் வேரில் பிடிப்பதில்லை என்பதால் நிலக்கடலைக்கே என் ஓட்டு.) மணிலாக்கொட்டை இரண்டாவது வகை, பிலிப்பைன்ஸின் மணிலா வழியாக வந்த தடம். அது நாக்கில் உருண்டு மல்லாக்கொட்டை, மல்லாட்டை ஆயிற்று. மலையாளத்தில் கப்பலண்டி என்றும் சொல்வார்கள், கப்பலில் வந்த கொட்டை. இலங்கைத் தமிழில் கச்சான்.

சமையல் குறிப்பு படிக்கும்போதுதான் உண்மையான குழப்பம் வரும். கடலை என்ற சொல் கொண்டைக்கடலைக்கும் உண்டு. கடலை மாவு, கடலைப்பருப்பு, பொட்டுக்கடலை மூன்றும் கொண்டைக்கடலை வழி வந்தவை. கடலை எண்ணெய், கடலை மிட்டாய் இரண்டும் நிலக்கடலை. நிலக்கடலை ஒவ்வாமை உள்ள ஒருவருக்குச் சமைக்கும்போது இந்த வேறுபாடு வெறும் சொல் விளையாட்டல்ல. பொட்டலத்தின் மேல் வெறும் கடலை என்று இருந்தால் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

படி 1: விதை

வறுத்தது, வேகவைத்தது, உப்புப் போட்டது எதுவும் முளைக்காது. பச்சைக் காயாக, ஓட்டோடு வாங்குங்கள். விதைப்பதற்கு ஓரிரு நாள் முன்புதான் உடைக்க வேண்டும், அதுவும் கையால். பருப்பின் மேலுள்ள மெல்லிய தோல் கிழிந்தால் மண்ணிலுள்ள பூசணம் நேராக உள்ளே போய்விடும். சுருங்கியது, நிறம் மாறியது, தோல் உரிந்தது எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுங்கள்.

வளரும் விதத்தை வைத்துப் பார்த்தால் கொத்து ரகம், கொடி ரகம் என்று இரண்டு. கொத்து ரகம் நிமிர்ந்து நிற்கும், காயெல்லாம் தூரிலேயே கொத்தாகப் பிடிக்கும், சீக்கிரம் முற்றும். கொடி ரகம் படர்ந்து, கிளை போகிற இடமெல்லாம் காய் விடும், அதிக நாள் எடுக்கும். உலகச் சந்தையில் வர்ஜீனியா, ரன்னர், ஸ்பானிஷ், வலென்சியா என்று நான்காகப் பிரிக்கிறார்கள். வர்ஜீனியா பெரும் பருப்பு. ரன்னர் ஒரே சீரான அளவு, கடலை வெண்ணெய்க்கு அதிகம் போவது. ஸ்பானிஷ் சின்னதாக, எண்ணெய்ச் சத்து கூடுதலாக. வலென்சியா ஒரு காயில் மூன்று நான்கு சிவந்த பருப்போடு வரும், வேகவைக்க நன்றாக இருக்கும்.

முதல் முறை வளர்ப்பவர் கொத்து ரகத்தை எடுங்கள். ஒரு எச்சரிக்கை: ஸ்பானிஷ் வகைக்கு விதை உறக்கம் கிடையாது. முற்றிய நேரத்தில் மழை பிடித்தால் மண்ணுக்குள்ளேயே முளைவிட்டுவிடும்.

படி 2: மண்

இறுகாத மணல் கலந்த செம்மண்ணோ வண்டலோ போதும். கார அமிலத்தன்மை (pH) 6-லிருந்து 6.5 வரை இருந்தால் நல்லது. தண்ணீர் தேங்கக் கூடாது. களிமண்ணில் கடலை முளைக்கும், வளரும், பூக்கவும் பூக்கும். ஆனால் காய் உள்ளே இறங்கத் திணறும், இறங்கியதைப் பிடுங்கினால் பாதி மண்ணிலேயே அறுந்து நிற்கும்.

இதைக் கவனிக்காமல் விட்டதன் விலையை ஒரு அரசாங்கமே கொடுத்திருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சமையல் எண்ணெய்த் தட்டுப்பாட்டைத் தீர்க்க, பிரிட்டன் அப்போதைய தாங்கனிக்காவில், இன்றைய தான்சானியாவில், ஏறத்தாழ 32 லட்சம் ஏக்கரில் கடலை போடத் திட்டமிட்டது. காட்டை அழிக்க டிராக்டர்களும் போரில் மிஞ்சிய பழைய டாங்கிகளை மாற்றிய வண்டிகளும் போயின. கொங்வா என்ற இடத்து மண்ணில் களிமண் அதிகம். கோடையில் அது கல்லாக இறுகியது, மழையும் போதவில்லை. 1951-ல் கோடிக்கணக்கான பவுண்டை இழந்து திட்டத்தைக் கைவிட்டார்கள். ஆளும் பணமும் இயந்திரமும் இருந்தன. மழையைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் முதலில் விசாரித்திருக்க வேண்டும்.

தொட்டி என்றால் ஆழத்தைவிட அகலம் முக்கியம். 30 செ.மீ. ஆழம், 40 செ.மீ. அகலம் இருந்தால் இரண்டு செடி தாராளமாக வளரும். மண்ணில் மூன்றில் ஒரு பங்கு மணல் கலந்துகொள்ளுங்கள். எரு நன்றாக மக்கியிருக்க வேண்டும்.

தழைச்சத்தை, அதாவது நைட்ரஜன் உரத்தை, அள்ளிக் கொட்ட வேண்டாம். கடலையின் வேர் முடிச்சுகளில் ரைசோபியம் வகை நுண்ணுயிரிகள் குடியிருந்து காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குப் பிடித்துக் கொடுக்கின்றன. பல பயறுச் செடிகளில் இவை வேர்த்தூவி வழியாக நுழையும். கடலையிலோ பக்கவேர் கிளம்பும் இடத்து விரிசல் வழியாக நுழைகின்றன. வளர்ந்த செடியில் ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். அதுவரை கடலையே போடாத நிலமாக இருந்தால் விதையோடு ரைசோபியம் கலந்து விதைப்பது பலன் தரும். தழைச்சத்து மிஞ்சினால் இலை தளதளவென்று வரும், காய் வராது.

படி 3: விதைப்பு

மண் சூடு 18 டிகிரி செல்சியஸுக்கு மேல் போன பிறகுதான் விதைக்க வேண்டும். குளிர்ந்த ஈர மண்ணில் போட்டால் விதை அழுகும். 4 முதல் 5 செ.மீ. ஆழம், வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. கொடி ரகத்துக்கு இன்னும் கொஞ்சம் இடம் விடுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் முளை வெளியே வரும். பனி உறையும் ஊர்களில் வளர்ப்பவர்கள், விதைத்த நாளிலிருந்து 100 முதல் 150 நாள் வரை உறைபனி வராத காலமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படி 4: பூவும் விழுதும்

இங்கேதான் செடியின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

விதைத்து 25 முதல் 35 நாளில் இலைக்கக்கத்தில் மஞ்சள் பூ வரும். அதிகாலையில் விரிந்து அன்றைக்கே வாடிவிடும். தேனீயை எதிர்பார்க்காமல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுற்றுக்கொள்ளும். பூவை நிமிர்த்திப் பார்த்தால் நீளமான காம்பு மாதிரி ஒன்று தெரியும். அது காம்பல்ல, பூவின் குழல். சூல்பை அதன் அடியில், இலைக்கக்கத்துக்குள் ஒளிந்திருக்கிறது.

பூ காய்ந்து உதிர்ந்த சில நாளில் அந்த இடத்திலிருந்து ஊதா கலந்த பச்சை நிறத்தில் ஊசிபோல ஒன்று நீளத் தொடங்கும். இதுதான் விழுது, சிலர் ஊசி என்றே சொல்வார்கள். கருவுற்ற சூல் அதன் நுனியில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். விழுது எந்தப் பக்கம் கிளம்பினாலும் வளைந்து பூமியை நோக்கித்தான் வரும். மண்ணைத் துளைத்து 2 முதல் 7 செ.மீ. இறங்கியதும், நுனி கிடையாகத் திரும்பி, அப்புறம்தான் பருக்கத் தொடங்கும். அதுவரை கரு வளராமல் காத்திருக்கும். அதை எழுப்புவது இருட்டு. மண்ணைத் தொடாமல் வெளிச்சத்திலேயே நிற்கும் விழுது காயாகாமல் வாடிப்போகும்.

நாம் செய்ய வேண்டியதெல்லாம் இதிலிருந்து வருகிறது. செடியின் மேல் கிளையில் பூத்த பூவின் விழுது 15 செ.மீ. தாண்டித் தொங்க வேண்டியிருந்தால் பெரும்பாலும் மண்ணை எட்டாது. அதனால் பூக்கும் நேரத்தில் தூரைச் சுற்றி மண் அணைத்துவிடுகிறோம். தண்டு புதையும் அளவுக்கு அணைத்தால் தண்டு அழுகும், ஆகவே பக்கத்து மண்ணைப் பொலபொலப்பாக்கி மெல்ல ஒதுக்குவதே போதும். களையெல்லாம் விழுது இறங்குவதற்கு முன், அதாவது 40 நாளுக்குள், எடுத்து முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு கொத்தினால் ஒவ்வொரு கொத்துக்கும் காய் அறுபடும். பிந்தி முளைத்த களையைக் கையால் மட்டும் பிடுங்குங்கள்.

படி 5: ஜிப்சம்

பருப்பில்லாத வெறும் ஓடு, அதாவது பொக்கு, ஏன் வருகிறது என்று பலரும் கேட்பார்கள். பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்துக் குறைவு. செடியில் சுண்ணாம்புச் சத்து வேரிலிருந்து நீரோடு மேலே ஏறும். இலையிலிருந்து திரும்பிக் கீழே இறங்காது. தண்ணீரை ஆவியாக விடும் உறுப்புக்குத்தான் அது போய்ச் சேரும். மண்ணுக்குள் இருக்கும் காய் ஆவி விடுவதில்லை. அதனால் வேரடியில் எவ்வளவு சத்து இருந்தாலும் காய்க்கு வந்து சேராது. காய் தன் ஓடு வழியாகச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேராகவே உறிஞ்சிக்கொள்ள வேண்டும்.

எனவே விதைத்த 40 முதல் 45-ஆம் நாளில், செடியைச் சுற்றி விழுது இறங்கும் வட்டத்தில் ஜிப்சத்தைத் தூவி மேல் மண்ணோடு கலந்துவிடுங்கள். சதுர மீட்டருக்கு 40 கிராம் என்பது பொதுவான அளவு. ஈரம் இருந்தால்தான் கரைந்து காய்க்குப் போகும், ஆகவே தூவியதும் தண்ணீர். பெரும் பருப்பு ரகங்களுக்கு இது இன்னும் அவசியம்.

படி 6: தண்ணீர், பூச்சி, நோய்

பூக்கும்போதும் விழுது இறங்கும்போதும் காய் பிடிக்கும்போதும் மேல் மண் காயக் கூடாது. காய்ந்து இறுகினால் விழுது துளைக்க முடியாது. கடைசி ஓரிரு வாரம் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளலாம். அதற்கு முன்பே நிறுத்திவிடாதீர்கள், காரணம் படி 8-ல் வரும்.

இலையில் கருத்த புள்ளி விழுந்து உதிர்ந்தால் திக்கா நோய். இலையின் அடியில் செம்பழுப்புப் பொடி கண்டால் துரு. தூரில் வெள்ளை நூலும் கடுகு போன்ற உருண்டைகளும் தெரிந்தால் தண்டழுகல். மூன்றுக்குமே முதல் மருந்து, அடுத்த ஆண்டு அதே இடத்தில் கடலை போடாமல் சோளம், கம்பு மாதிரி தானியத்துக்கு மாற்றுவதுதான். சாயங்காலம் நான்கு இலைக்கூறுகளும் ஒன்றோடொன்று மூடிக்கொள்வதைப் பார்த்து வாடிவிட்டது என்று பயப்பட வேண்டாம், அது இந்தச் செடியின் தூக்கம்.

படி 7: பிடுங்கும் நாள்

நாள் கணக்கு வழிகாட்டும், தீர்ப்புச் சொல்லாது. கீழிலைகள் மஞ்சளாகும்போது ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள். காயின் நடுவே, இடுப்புப் பகுதியில், கத்தி முனையால் ஓட்டின் மேல் தோலைச் சுரண்டுங்கள். அடியில் வெள்ளையோ வெளிர் மஞ்சளோ தெரிந்தால் இன்னும் பிஞ்சு. ஆரஞ்சு என்றால் பாதி வழி. பழுப்போ கறுப்போ என்றால் முற்றியது. காயை உடைத்தும் பார்க்கலாம்: ஓட்டின் உட்புறம் வெள்ளையாக இருந்தால் காத்திருங்கள், கருமை ஓடியிருந்தால் சரி. நாலில் மூன்று காய் அப்படி இருக்கும் நாளே அறுவடை நாள். செடி ஒரே நாளில் பூத்து முடிப்பதில்லை என்பதால் எல்லாக் காயும் ஒன்றாக முற்றாது. கடைசிப் பிஞ்சுக்காகக் காத்திருந்தால் முதலில் முற்றியவற்றின் காம்பு இற்றுப்போய் மண்ணிலேயே தங்கிவிடும்.

மண் லேசான ஈரத்தில் இருக்கும்போது, தூரை ஒட்டிக் கடப்பாரையாலோ மண்வெட்டியாலோ அடிமண்ணை நெகிழ்த்தி, பிறகு செடியைத் தூக்குங்கள்.

படி 8: காயவைத்தல்

பிடுங்கிய காயில் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஈரம் இருக்கும். பத்து சதவீதத்துக்குக் கீழே அதைக் கொண்டுவர வேண்டும். செடியைத் தலைகீழாக, காய் மேலே வெயில் பார்க்கும்படி கவிழ்த்துப் போட்டு இரண்டு மூன்று நாள் விடுங்கள். பிறகு காயைப் பறித்து, மெல்லியதாகப் பரப்பி, அவ்வப்போது கிளறிக் காயவையுங்கள். இரவில் பனி படாமல் மூட வேண்டும். விதைக்காக என்றால் உச்சி வெயிலையும் தார்த்தரையையும் தவிர்த்து நிழற்காய்ச்சலாகச் செய்யுங்கள். ஆட்டினால் பருப்பு கலகலவென்று உருள வேண்டும், தோல் விரலில் தேய்த்தால் உரிய வேண்டும்.

இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு? 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தீவனத்தைத் தேடிப் போனபோது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் போய் முடிந்தது. அதில் வளர்ந்திருந்த ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூசணம் உண்டாக்கிய நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று சந்தேகத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது இது. இந்தப் பூசணம் மண்ணிலேயே வாழ்வது. காயும் மண்ணிலேயே விளைவதால் இரண்டும் சந்திக்காமல் இருக்க வழியே இல்லை. கடைசி வாரங்களில் வறட்சியும் வெக்கையும் சேர்ந்தால் வயலிலேயே பிடிக்கும்; அரைகுறையாகக் காய்ந்த காயைச் சாக்கில் கட்டினால் அங்கே பெருகும்.

வறுத்தால் போய்விடும் என்பது தவறான நம்பிக்கை. சாதாரண வறுப்புச் சூட்டில் இது கொஞ்சம் குறையும், ஒழியாது. ஆகவே பூஞ்சை படிந்தது, கருத்தது, சுருங்கியது, கசப்பது எதையும் சாப்பிடாதீர்கள், ஆடு மாடு கோழிக்கும் போடாதீர்கள். ஒரு பருப்பு கசந்தால் துப்பிவிட வேண்டும். எண்ணெய்க்கோ வெண்ணெய்க்கோ அரைக்கும் முன் கையால் பொறுக்கிப் பிரிப்பது சலிப்பான வேலைதான், ஆனால் நஞ்சு பெரும்பாலும் சில கெட்ட பருப்புகளிலேயே குவிந்திருப்பதால் அந்தப் பொறுக்கல் நிஜமாகவே காப்பாற்றும்.

ஓட்டோடு, ஈரமில்லாத காற்றோட்டமான இடத்தில் வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும். உடைத்த பருப்பின் எண்ணெய் காற்றுப் பட்டுச் சிக்கடிக்கத் தொடங்கும், அதனால் காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

படி 9: சமையலறையில்

வேகவைக்கப் புதிதாகப் பிடுங்கிய பச்சைக் கடலைதான் சிறந்தது. ஓட்டோடு நன்றாகக் கழுவி, தாராளமாக உப்புப் போட்ட தண்ணீரில் ஒரு மணி நேரம் வேகவிடுங்கள். காய்ந்த கடலை என்றால் இரவு முழுக்க ஊறவைத்து, இன்னும் சில மணி நேரம் கூடுதலாக வேகவைக்க வேண்டும். அடுப்பை அணைத்ததும் வடித்துவிடாமல் அந்த நீரிலேயே ஆறவிடுங்கள். உப்பு உள்ளே இறங்குவது அப்போதுதான்.

வறுப்பதற்கு அடுப்பில் கனமான வாணலியும் மிதமான தீயும். ஓவன் என்றால் 175 டிகிரியில் உடைத்த பருப்புக்கு 15 நிமிடம், ஓட்டோடு என்றால் 20 முதல் 25 நிமிடம். பருப்பின் புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்துதான் அந்த மணம் வருகிறது. முழு நிறம் வரும்வரை காத்திருந்தால் தீய்ந்துவிடும், ஏனென்றால் இறக்கிய பிறகும் உள்சூட்டில் வறுபட்டுக்கொண்டே இருக்கும். ஒரு சாயல் முன்னதாகவே இறக்கித் தட்டில் பரப்புங்கள். சூடாக இருக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால்தான் மொறுமொறுப்பு.

கடலை வெண்ணெய்க்கு, வறுத்துத் தோல் நீக்கிய பருப்பை வெதுவெதுப்பாக இருக்கும்போதே மிக்ஸியில் போடுங்கள். முதலில் பொடியாகும். அடுத்து கட்டி கட்டியாக ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு சுற்ற மறுக்கும். இங்கேதான் பலரும் தண்ணீர் ஊற்றிக் கெடுத்துவிடுகிறார்கள். நிறுத்தி, வழித்துவிட்டு, மறுபடி ஓட்டுங்கள். எண்ணெய் தானாக வெளிவந்து, பளபளப்பு ஏறி, கரண்டியிலிருந்து வழியும் பதம் வரும். உப்பைக் கடைசியில் சேர்க்கலாம். தண்ணீர் சேராததால்தான் அது சீக்கிரம் கெடாமல் நிற்கிறது.

1884-லேயே மொன்ட்ரியாலைச் சேர்ந்த மார்செலஸ் கில்மோர் எட்சன் அரைத்த கடலை விழுதுக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்க வேளாண் அறிஞர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்தான் கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தார் என்று பலரும் சொல்வது சரியல்ல. அவர் செய்தது வேறு. பருத்தி விளைந்து விளைந்து வளமிழந்த அமெரிக்கத் தெற்கின் நிலத்தில் கடலை போடச் சொன்னார். விளைந்ததைச் சாப்பிட 105 வழிகளை எழுதி 1916-ல் கையேடாக விவசாயிகளுக்குக் கொடுத்தார். என் கணக்கில் அது பெரிய சாதனை.

சத்து

100 கிராம் பச்சைப் பருப்பில் சுமார் 26 கிராம் புரதம், 49 கிராம் கொழுப்பு, 8.5 கிராம் நார்ச்சத்து, 567 கலோரி. கொழுப்பில் பெரும்பகுதி இதயத்துக்கு உகந்த நிறைவுறாக் கொழுப்பு. நியாசின், ஃபோலேட், மெக்னீசியம் நிறைய. இதன் புரதத்தில் குறைவாக உள்ள மெத்தியோனின் தானியத்தில் உண்டு என்பதால் தானியத்தோடு சேர்த்துச் சாப்பிடுவது நல்லது. ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடி போதும்.

இந்த அடர்த்திதான் கடும் ஊட்டச்சத்துக் குறைபாட்டில் இருந்த குழந்தைகளுக்கு உயிர் கொடுத்தது. 1996-ல் பிரான்சில் ஆந்த்ரே பிரியோனும் மிஷேல் லெஸ்கானும் கடலை விழுதோடு பால்பொடி, சர்க்கரை, எண்ணெய், வைட்டமின் சேர்த்து பிளம்பி நட் என்ற உணவை உருவாக்கினார்கள். 92 கிராம் பொட்டலத்தில் 500 கலோரி. தண்ணீர் கலக்க வேண்டாம், சமைக்க வேண்டாம், ஃபிரிட்ஜ் வேண்டாம். தாயே வீட்டில் பிரித்துக் கொடுக்கலாம் என்றானதால், முன்பு மருத்துவமனையில் வைத்தே பார்க்க வேண்டியிருந்த பல குழந்தைகளை வீட்டிலேயே தேற்ற முடிந்தது.

ஒவ்வாமை

சிலருக்கு மிகச் சிறிய அளவுகூட உயிருக்கு ஆபத்தாகும். சாப்பிட்ட சில நிமிடங்களில் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சுத்திணறல், மயக்கம் வரலாம். கடும் ஒவ்வாமைக்கு எபிநெஃப்ரின் ஊசிதான் முதல் மருந்து. தொடையில் போட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அலர்ஜி மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. நன்கு சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் ஏறக்குறைய இருக்காது, செக்கில் ஆட்டியதில் இருக்கும். ஒவ்வாமை உள்ளவர்கள் இரண்டாவதை அறவே தவிர்க்க வேண்டும்.

குழந்தைகளுக்கு எப்போது கொடுப்பது என்பதில் மருத்துவர்களின் கருத்தே மாறிவிட்டது. முன்பு தள்ளிப்போடச் சொன்னார்கள். கடும் கரப்பானோ (எக்சிமா என்ற தோல் நோய்) முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 கைக்குழந்தைகளை வைத்து லண்டனில் நடந்த ஆய்வின் முடிவு 2015-ல் வந்தது. தொடக்கத்தில் தோல் சோதனையில் எதிர்வினை காட்டாத குழந்தைகளில், கடலையைத் தவிர்த்தவர்களில் 13.7 சதவீதத்துக்கு ஐந்து வயதில் ஒவ்வாமை வந்திருந்தது. சிறு வயதிலிருந்தே தொடர்ந்து சாப்பிட்டவர்களில் 1.9 சதவீதம்தான். ஆகவே இப்போது சீக்கிரமே அறிமுகப்படுத்தச் சொல்கிறார்கள். கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தை என்றால் முதலில் மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். முழுப் பருப்பை மட்டும் ஐந்து வயது வரை கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். வழவழப்பான கடலை வெண்ணெயை வெந்நீரிலோ கூழிலோ நீர்க்கக் கரைத்து, கரண்டி நுனியளவில் தொடங்குங்கள். முதல் தடவை காலை நேரமாக இருக்கட்டும், அடுத்த இரண்டு மணி நேரம் குழந்தையின் பக்கத்திலேயே இருங்கள்.